மூன்றாவது சட்டம்

ஏப்ரல் 3, வியாழன்

ஏ விசிலு, உன் வண்டிக்கும் காலம் முடிந்துவிட்டது. நீ தை மாதம் போனாய். அது சித்திரை பிறப்பதற்கு முன்னாலேயே உன் பின்னால் கிளம்பிவிட்டது.

உனக்காவது ஐம்பத்திரண்டு வயது. அதற்குப் பதினைந்துதான். அரசாங்க வண்டிக்குப் பதினைந்துக்கு மேல் ஆயுசு கிடையாது என்று மத்தியில் சட்டமாம். பழைய வண்டி புகை கக்குகிறது, காற்று கெடுகிறது, அதனால் உடைத்துப் போட வேண்டுமாம். நல்ல சட்டம்தான். கடைசி சீட்டில் உட்கார்ந்து அந்தப் புகையை எத்தனை நாள் நானே தின்றிருக்கிறேன். ஆனால் உடைத்த வண்டிக்குப் பதிலாக எது வரும் என்று எழுதும்போது மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

டிரைவர் ராயப்பன் அண்ணன் கடைசி டிரிப்பில் நம் கொட்டாம்பாறை ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி மாலை போட்டார். புது வண்டிக்குச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். இவர் சாகப் போகிற வண்டிக்கு வைத்து ஏற்றினார். பூ விற்கிற வீராயி கூடையோடு அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். உன் அண்ணனுக்கு அழுததே போதும், இரும்புக்கு வேறு அழாதே என்று எழுப்பிக் கூட்டி வந்தேன்.

இந்த டைரி கண்டக்டர் யூனியனில் உனக்குக் கொடுத்தது. சும்மா கிடந்தது. ஊருக்கு முன்னால் உன்னை வாங்க போங்க என்றுதான் கூப்பிட்டேன், விசிலு என்பது வீட்டுக்குள் மட்டும். இனிமேல் கேட்க யார் இருக்கிறார்கள். எட்டாவது படித்தவள் எழுத்து. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆறு பேர் உட்காருகிற ஷேர் ஆட்டோவில் பதிமூன்று பேர். நான் வீராயியின் பூக்கூடை மேல், கூடை யார் மேல் என்று தெரியவில்லை. ஆட்டோ விட்ட புகையில் பின்னால் வந்த நாய் திரும்பிப் போய்விட்டது. இந்த வண்டிக்கு எத்தனை வயது தம்பி என்று கேட்டேன். எங்க அப்பா காலத்து வண்டி என்று பெருமையாகச் சொன்னான். அப்படியென்றால் உடைக்க மாட்டார்களா என்றேன். அந்தச் சட்டம் அரசாங்க வண்டிக்கு மட்டும்தானாம், சொந்த வண்டி என்றால் ஆர்.டி.ஓ ஆபீசில் காட்டிக் காட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாமாம்.

ஆக, நாற்பது பெண்களை ஏற்றிப் போன ஒரு புகை போய்விட்டது. அதற்குப் பதிலாக நாலு ஆட்டோ, பத்துப் பதினைந்து பைக். காற்று சுத்தமாகிவிட்டது.

நான் வேலை பார்க்கிற மெஸ்ஸுக்கு அரை மணி நேரம் தாமதம். முதலாளி வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார்.

ஏப்ரல் 7, திங்கள்

கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனோம். நான், வீராயி, ஆஸ்பத்திரியில் பெருக்குகிற செல்லத்தாயி, இன்னும் ஏழெட்டுப் பேர். மனு எழுதுகிறவர், விசயத்தை ஒரு வரியில் சொல்லுங்கள் என்றார். மாநிலத்தில் ஒரு உத்தரவு, பெண்கள் டவுன் பஸ்ஸில் காசு கொடுக்க வேண்டாம் என்று. மத்தியில் ஒரு சட்டம், அந்த பஸ்ஸே ஓட வேண்டாம் என்று. நடுவில் நாங்கள் நிற்கிறோம், அவ்வளவுதான் என்றேன். அதையெல்லாம் எழுத மாட்டேன் என்று, எங்கள் ஊருக்கு பஸ் வசதி செய்து தருமாறு மிகவும் பணிவுடன் என்று எழுதிக் கொடுத்தார்.

ஆபீஸ் தோட்டத்துக்குள் காற்றை அளக்கிற மெசின் ஒன்று நிற்கிறது. சுற்றி குரோட்டன்ஸ், புல்தரை. ஒருவர் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மேலே போர்டில் பச்சை எழுத்தில் காற்று நன்று என்று ஓடியது. எனக்கே அங்கே கொஞ்ச நேரம் நின்று மூச்சு விட ஆசையாக இருந்தது. வாட்ச்மேன் விடவில்லை.

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு சார், புது கரண்டு பஸ்களெல்லாம் டவுனுக்குள் சுற்றத்தான், காற்றைச் சுத்தப்படுத்த மத்தியிலிருந்து வரும் பணம் லிஸ்டில் இருக்கிற ஊருக்குத்தான் என்றார்.

"உங்க ஊரு லிஸ்ட்டுல இல்லம்மா."

"எங்க ஊருல கல்லு ஒடைக்கிற கிரஷர் மட்டும் அஞ்சாறு ஓடுது சார். மெசின் வச்சுப் பாத்தீங்களா?"

"லிஸ்ட்டுல இருந்தாத்தான் மெசின் வைப்பாங்க."

"மெசின் வச்சுப் பாத்தாத்தான சார் லிஸ்ட்டுல வரும்?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆக நம் ஊரில் மெசின் இல்லை, அதனால் நம் ஊர்க் காற்றில் குற்றம் இல்லை. இதைக் கேட்டு வீராயிக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் மல்லிகையில் படிந்த கல் தூசியைத் தட்டிவிட்டு, இது தூசி இல்லை மதினி, நம்ம ஊரு பவுடரு என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

லீவு. உன் தலையணைகளை வெயிலில் போட்டேன். மூன்றும். முதுகுவலிக்காரனுக்கு எதற்கு இத்தனை தலையணை என்று கேட்டதற்கு, ராசா மாதிரி சாய்ந்துகொண்டே தூங்க வேண்டும் என்றாய். ராசாதான். தலையணை உறையெல்லாம் எண்ணெய்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. நீ இல்லாத வருடம், அதனால் பாயசம் வைக்கவில்லை. வீராயி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். பொய் சொல்வானேன், நன்றாக இருந்தது.

ஊராட்சித் தலைவர் கருத்தப்பாண்டி வாழ்த்துச் சொல்ல வந்தவர், எல்லாம் மத்திய அரசு செய்த வேலை, ஓடிக்கொண்டிருந்த வண்டியை உடைத்துவிட்டார்கள் என்றார். கூட வந்த அவர் மச்சான் எதிர்க்கட்சி. அதெல்லாம் இல்லை, மாநிலம் புது வண்டி வாங்கவில்லை, அதுதான் குற்றம் என்றார். இருவரும் வாசலில் நின்று ஒரு பாட்டம் சண்டை போட்டார்கள். இருவருக்கும் ஒரே கிரஷரில் பங்கு. தார்ப்பாய் போடாமல் லாரி போகிறதே, அது எந்த அரசின் குற்றம் என்று கேட்டேன். இருவரும் சேர்ந்து ஒரே பைக்கில் ஏறிப் போய்விட்டார்கள்.

மத்தியானம் மெஸ்ஸுக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்ன வயது கண்டக்டர், காது கிழிகிற மாதிரி விசில் ஊதினான். நீதானோ என்று திரும்பிவிட்டேன். பிறகு அவன் மேல் இரக்கம் வந்தது. பாவம், மாட்டிக்கொள்ளப் போகிறான்.

போன ஆடியில் நீ விசிலைக் கொண்டுவந்து சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாயே. பஸ்ஸில் விசில் ஊதக் கூடாதென்று புதுச் சட்டம் வந்திருக்கிறது, சத்தமும் காற்றைக் கெடுக்கிற கணக்கில் வந்துவிட்டது என்றாய். அதற்குப் பிறகு நீ கம்பியில் ஒரு ரூபாய்க் காசால் டங் டங் என்று தட்டித்தானே வண்டியை எடுக்கச் சொன்னாய். அதை அவனிடம் சொன்னேன். ஊதாதே தம்பி, சட்டம் வந்துவிட்டது என்று.

"யாருக்கா சொன்னது?"

"எங்க வீட்டுக்காரரு. அவரும் கண்டக்டருதான்."

அவன் சிரித்துவிட்டு இன்னொரு முறை ஊதினான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சட்டம் எங்கே தெரிகிறது.

ஏப்ரல் 17, வியாழன்

மெஸ் முதலாளி சொல்லிவிட்டார். காலை ஆறரைக்கு வர முடிந்தால் வா, இல்லையென்றால் பஸ் வருகிற ஊரில் இருந்து ஆள் எடுத்துக்கொள்கிறேன் என்று. மாதக் கடைசி வரை தவணை. ஆறரைக்கு ஷேர் ஆட்டோ கிடையாது. ஆட்டோக்காரர்கள் தூங்கி எழுந்து பல் விளக்க வேண்டும்.

செல்லத்தாயி மகள் பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தியாகிவிட்டது. ஆட்டோவில் அந்தப் பிள்ளையை எவனோ இடித்தானாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

விசிலு, இன்று உன்னால் எனக்குப் பெரிய மரியாதை.

டெப்போவுக்குப் போனோம். மேலாளர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பக்கத்து டெப்போவில் வயது முடியாத வண்டி இருக்கிறதாம், கேட்டால் கொடுப்பார்களாம். ஆனால் எதைக் காட்டிக் கேட்பது என்றார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"இந்த ரூட்டுல லேடீஸே ஏறுறதில்லம்மா. போன ஒரு வருசமா."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. செல்லத்தாயி தன்னையே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

அவர் பொறுமையாக விளக்கினார். பெண்கள் காசு கொடுக்க வேண்டாமே தவிர, டிக்கெட் வாங்க வேண்டும். காசில்லாத டிக்கெட். அதை எண்ணித்தான் மாநில அரசு டெப்போவுக்குப் பணம் கொடுக்கும். அந்த டிக்கெட் கிழிக்கவில்லை என்றால் அந்தப் பெண் ஏறவில்லை. நம் வண்டியில் ஆண்கள் ஏழெட்டுப் பேருக்கு டிக்கெட் விழுந்திருக்கிறது. பெண் ஒன்றுகூட இல்லை. நீ போன பிறகு வேண்டாவெறுப்பாக வந்த மாற்று ஆட்களும் முன் சீட்டை விட்டு எழவில்லை. வருடம் முழுவதும் நாங்கள் நாற்பது பேரும் பேயாகத்தான் போய் வந்திருக்கிறோம். சட்டம் வண்டியைத்தான் உடைத்தது. எங்களை ஏற்கெனவே யாரோ அழித்து வைத்திருந்தார்கள்.

செக்கிங் வரவில்லையா என்று கேட்டேன். உங்க ரோட்டுத் தூசிக்கு எந்த செக்கரும்மா வருவான் என்றார். பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"அந்தக் கண்டக்டர் போய்ச் சேந்துட்டாரு. இருந்திருந்தா மெமோ குடுத்திருப்பேன்."

"குடுங்க சார். அவரு சம்சாரம்தான் நான். போறப்ப கொண்டு போய்ச் சேத்துர்றேன்."

அவர் முகம் செத்துவிட்டது. மன்னிச்சுக்கங்கம்மா என்று எழுந்து நின்றார். எனக்கு அது எதற்கு.

ஆட்டோவில் திரும்பினோம். என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள் என்று நினைத்தேன். உன் புருசன் சோம்பேறித்தனத்தால் எங்கள் பஸ் போச்சு என்று ஒரு வார்த்தை வரவில்லை. வீராயி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பார்க்க என்ன இருக்கிறது, லாரிதான்.

நானே திட்டிவிடுகிறேன். கடைசி சீட்டில் நெருக்கிக்கொண்டு வந்த எனக்கு உன் தலைகூடத் தெரிந்ததில்லை. காசில்லாத டிக்கெட் என்றால் கை வரவில்லையா உனக்கு? சம்பளம் வாங்கிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாயா? ராசா மாதிரி சாய்ந்துகொண்டாயா அங்கேயும்?

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் செல்லத்தாயி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். மத்தியானம் வீராயி முருங்கைக்கீரை. சாயங்காலம் தெருக்கோடியில் இருந்து முறுக்கு. உன் புருசனால்தானே பஸ் போச்சு என்று சண்டைக்கு வர வேண்டியவர்கள் இப்படிச் சோறு போட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. என்னடி விசயம் என்று வீராயியிடம் கேட்டேன். கீரையில் உப்புப் போட்டேனா பாருங்க மதினி என்றாள். போட்டிருந்தாள்.

மே 1, வியாழன்

கிராம சபைக் கூட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா. காற்று மாசைத் தடுக்க மரம் நடுவது என்று தலைவர் முதல் தீர்மானம் வாசித்தார். போன வருடம் இதே தீர்மானத்தில் நட்ட கன்றுகள் மைதான ஓரத்தில் நிற்கின்றன. இலை பச்சை என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும், அவ்வளவு வெள்ளை.

எங்கள் மனு சுற்றி வந்து மேலாளரிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. அவரே வந்திருந்தார். என் பக்கம் பார்க்காமல் மைக்கில் பேசினார். வண்டி கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கணக்கு இல்லை, ஒரு பொறுப்பில்லாத ஊழியரால் இந்த ஊருக்கு இப்படி ஆகிவிட்டது என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. நான் தரையில் இருந்த சரளைக் கல்லை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வீராயி எழுந்தாள். மைக்கை யாரும் கொடுக்கவில்லை. அவள் தொண்டைக்கு அது வேண்டியதும் இல்லை.

"சார், எங்க அண்ணனப் பொறுப்பில்லாதவருன்னு சொல்லாதீங்க. அவரால நடக்க முடியல. படியேறுனா கம்பியப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கிட்டு நிப்பாரு. உதடெல்லாம் நீலமாப் போயிரும். முன்னாடி சீட்ட நாங்கதான் அவருக்கு விட்டோம். ஆம்பளைங்க காசக் கை மாத்தி முன்னாடி அனுப்புவோம், டிக்கெட்டு கை மாறிப் பின்னாடி வரும். எங்களுக்கும் எண்ணிக் கிழிக்க எந்திரிச்சு வந்தாரு. ஓசி டிக்கெட்டு எதுக்குண்ணே, உக்காருங்கன்னு நாங்கதான் உக்கார வச்சோம். அத எண்ணுவாங்கன்னு எங்களுக்கு எவன் சொன்னான்?"

மேலாளர் ஏதோ கேட்டார். மருத்துவ லீவு எடுத்திருக்கலாமே என்பது போல.

"சொன்னோம் சார். நான் லீவு போட்டா இந்தத் தூசி ரோட்டுக்கு வேற எவனும் வர மாட்டான், வண்டிய நிப்பாட்டிருவாங்க தங்கச்சின்னாரு."

அப்புறம் என்னைப் பார்த்தாள். சபையைப் பார்க்கவில்லை, என்னை மட்டும்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு மதினி. எங்க எல்லார்கிட்டயும்."

மைக் சும்மா இரைந்துகொண்டிருந்தது. தலைவர் அடுத்த தீர்மானத்தைத் தேடினார். கேனில் டீ இருந்தது. ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு போய் மேலாளருக்குக் கொடுத்தேன். அவர் வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

மே 2, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. தலைவலி.

மே 4, ஞாயிறு

ராயப்பன் அண்ணன் வந்தார். வண்டியை உடைக்கிற இடத்துக்கு ஓட்டிப் போய் விட்டுவிட்டு வந்தாராம். கழற்றிக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்று, முதலுதவிப் பெட்டி. வாசலில் வைத்துவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

பஸ்ஸில் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் மருந்து இருக்க வேண்டும் என்று எந்த பஸ்ஸிலும் யாரும் நினைப்பதில்லை. பஞ்சு இருக்காது, கட்டுத் துணி இருக்காது, டிரைவரின் சீப்பு இருக்கும். உன் பெட்டியில் மூச்சுக்கு இழுக்கிற இன்ஹேலர் மூன்று. இரண்டு காலி, ஒன்றில் மிச்சம் இருக்கிறது. நம் ஊர் வழியாக ஓடியதிலேயே சட்டப்படி ஓடிய பஸ் உன்னுடையது மட்டும்தான்.

ஆஸ்பத்திரிக்குத் தானே இரண்டு முறை கூட்டிப் போனதாக ராயப்பன் அண்ணன் சொன்னார். டாக்டர் நுரையீரல் என்றாராம். நெஞ்சடைப்பு, திடீரென்று போய்விட்டார் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். மறைப்பதில் உன் திறமையை விட அவர்கள் திறமை பெரிது.

ராயப்பன் அண்ணனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் போல. நன்றாக இருக்கிறது என்று குடித்தார். பொய் சொல்வதில் உங்கள் டெப்போவில் எல்லோரும் ஒரே தரம்.

மே 5, திங்கள்

தலையணைகளை வீராயி வீட்டில் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் போய் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

டெப்போவில் இருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதத்துக்கு வண்டி விட்டுப் பார்க்கிறார்களாம். டிக்கெட் விழுந்தால் தொடரும், இல்லையென்றால் இல்லை. மேலாளர் தன் பொறுப்பில் கேட்டு வாங்கியிருக்கிறார். அந்த டீயையாவது சூடாகக் கொடுத்திருக்கலாம்.

மெஸ் முதலாளியிடம் சொன்னேன். தவணை முடிந்து ஒன்பது நாள் ஆகிறது என்றார். ஆனாலும் வேறு ஆள் எடுக்கவில்லை. வெங்காயம் நறுக்க ஆள் கிடைக்கவில்லையாம்.

மே 12, திங்கள்

வண்டி வந்தது, விசிலு.

புதுசு என்று நினைக்காதே. வேறு டெப்போவில் பதிமூன்று வருடம் ஓடிக் களைத்தது. பெயிண்ட் மட்டும் புதுசு. இன்னும் இரண்டு வருடத்தில் இதற்கும் வயது முடிந்துவிடும், அப்போது ராயப்பன் அண்ணன் இன்னொரு எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும். கிளம்பும்போது விட்ட புகையில் தலைவர் நட்ட கன்றுகள் கறுத்தன. வெள்ளையாக நின்றதற்கு அது தேவலை.

விடியற்காலையிலேயே ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ஸ்டாப்பில். வேலை இருக்கிறவள், இல்லாதவள், டவுனுக்குப் போய் என்ன செய்வதென்று தெரியாதவள், எல்லோரும். செல்லத்தாயி மகள் யூனிபாரம் போட்டு வந்திருந்தாள். லீவு நாளில் எதற்குடி யூனிபாரம் என்றேன். எண்ணும்போது தெரியட்டும் அத்தை என்றாள்.

கண்டக்டர் சின்னப் பையன். ஓசிதானே, நிதானமாகக் கொடுக்கிறேன் என்று முன்னால் நின்றான். அவ்வளவுதான். டிக்கெட் குடுடா என்று நாலா பக்கமும் கை நீண்டது. கடைசி சீட்டு வரை நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொருத்தியாகக் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டான். ஒருத்தியும் உட்காரச் சொல்லவில்லை. வீராயி தன் டிக்கெட்டை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். என்னுடையதை இந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒன்றும் இல்லாத துண்டுக் காகிதம். இதைக் கிழிக்க வண்டிக்குள் இருபதடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இருபதடி உனக்கு எவ்வளவு தூரமாக இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. வெங்காயம் நறுக்கும்போது யோசித்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

கிரஷர் முக்கில் பையன் சட்டைப் பையில் இருந்து விசிலை எடுத்தான். கன்னம் உப்ப ஊதினான். நீளமாக, நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் வாரி இறைத்து ஊதினான். எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் வெளியே பார்த்தேன். தார்ப்பாய் இல்லாமல் ஒரு லாரி போனது.

வீட்டுக்கு வந்து ஆணியில் இருந்து உன் விசிலை எடுத்துத் துடைத்தேன். வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். சுலபமாகத்தான் ஊதுகிறது.

பழைய வண்டியை உடை என்றது மத்தி. பெண்களைச் சும்மா ஏற்று என்றது மாநிலம். இரண்டையும் இப்போது நான் தேதியோடு சொல்வேன். பஸ்ஸில் விசில் ஊதக் கூடாது என்று போன ஆடியில் ஒரு சட்டம் வந்ததே, அதை எந்த அரசாங்கம் போட்டது விசிலு?